விலை கேட்பதற்கு முன்

(மயிலாப்பூரில் சிறு வணிகர்களும் சபா நிர்வாகிகளும் பதிப்பாளர்களும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று வந்திருப்பவர்களில் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். மயிலாப்பூர்ப் பதிப்பாளர்கள் இருக்கிறீர்கள். சபா செயலாளர்கள், அடையாறு காந்தி நகரில் கிளினிக் நடத்தும் டாக்டர்கள், பெசன்ட் நகரில் பரதநாட்டியம் சொல்லித் தரும் ஆசிரியைகள் என்று பலரும் இருக்கிறீர்கள். தொழில் வேறு வேறு என்றாலும், இணையதளம் வேண்டும் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். யாரோ கொடுத்த எண்ணில், என்னைப் போல வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒரு வடிவமைப்பாளரைக் கூப்பிடுகிறீர்கள். "ஒரு வெப்சைட் பண்ணணும் மேடம், எவ்வளவு ஆகும்?"

அந்தக் கேள்விக்குச் சட்டென்று ஒரு தொகையைச் சொல்லிவிடும் வடிவமைப்பாளர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை என்பதே என் எண்ணம். நான்கு பக்க அறிமுகத்துக்கும் வெப்சைட் என்றுதான் பெயர். ஆயிரம் புடவைகளைக் காட்டி, பணம் வாங்கி, அமெரிக்கா வரை பார்சல் அனுப்பும் கடைக்கும் அதே பெயர்தான். முதலாவது இரண்டு வாரத்தில் முடியும். இரண்டாவதற்கு ஆறு மாதமும் ஆகலாம், வேலை முடிந்த பிறகும் மாதாமாதம் செலவு இருக்கும். எது வேண்டும் என்று தெரியாமல் சொல்லும் தொகை யாரோ ஒருவர் தலையில் இடியாக விழும். பெரும்பாலும் இருவர் தலையிலும் விழுகிறது.

கல்யாணத்துக்குச் சமையல் பேசப் போகும்போது நாம் இப்படிப் போவதில்லை. எத்தனை இலை, மாப்பிள்ளை அழைப்பு டிபனிலிருந்தா முகூர்த்தச் சாப்பாடு மட்டுமா, மளிகை யார் வாங்குவது, மண்டபத்தில் பாத்திரம் உண்டா, பரிமாற ஆள் வேண்டுமா என்று சமையல்காரர் கேட்பார். அவர் கேட்பார் என்று தெரிந்தே வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டு போகிறோம். இணையதளம் என்றதும் அந்த ஆயத்தம் எங்கோ போய்விடுகிறது. கம்ப்யூட்டர் சமாச்சாரம், அவர்களுக்கே எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. எனக்கு எல்லாம் தெரியாது. உங்கள் தளத்துக்கு யார் வருவார்கள், எதற்காக வருவார்கள், வந்து என்ன செய்துவிட்டுப் போக வேண்டும் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்லத் தயாராக வாருங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன். விலை, காலம், காகிதத்தில் போடும் கையெழுத்து எல்லாமே அதிலிருந்துதான் பிறக்கின்றன.

நாம் உட்கார்ந்திருக்கும் ஊரை வைத்தே பார்ப்போம். மார்கழி சீசன். மியூசிக் அகாடமியின் விழா டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி 1-இல் சதஸ் என்ற விருது விழாவோடு நிறைவு பெறும். மற்ற சபாக்களில் பல அதற்கு முன்பே தொடங்கிவிடும், சில பொங்கல் வரைகூடப் போகும். இந்த நாட்களில் ஒரு சபாவின் இணையதளத்துக்கு யார் வருகிறார்கள்? டி.டி.கே. சாலையில் ஆட்டோவில் போய்க்கொண்டே, நாலு மணிக் கச்சேரி யாருடையது, பக்கவாத்தியம் யார், அனுமதி இலவசமா டிக்கெட்டா என்று கைப்பேசியில் தேடும் ரசிகர் ஒருவர். நியூ ஜெர்சியிலிருந்து அக்டோபரிலேயே சீசன் டிக்கெட் வாங்கிவிட நினைக்கும் குடும்பம் ஒன்று. அடுத்த வருடம் மதிய நேரக் கச்சேரிக்கு மகளுக்கு வாய்ப்புக் கேட்டு விண்ணப்பிக்க நினைக்கும் தாய் ஒருவர். இவர்களோடு, கேன்டீன் யாருடையது, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் தெரிந்துகொள்ள வருகிறவர்களும் ஏராளம். அவர்களையும் மதிக்க வேண்டும். கேன்டீன் இல்லாத சீசன் நம் ஊரில் இல்லை.

சபாவிலிருந்து என்னிடம் வருகிறவர்கள் கொண்டுவரும் பட்டியலில் முதலில் இருப்பவை நிறுவனர் படம், தலைவரின் செய்தி, செயற்குழு உறுப்பினர் வரிசை, பொன்விழா மலரின் ஸ்கேன் ஆகியவைதான். இவை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சபாவின் வரலாறு அரிய சொத்து. ஆனால் அது முகப்பை முழுவதும் நிரப்பிக்கொண்டு, இன்றைய கச்சேரி நான்காவது பக்கத்தில் ஒரு பி.டி.எஃப். கோப்புக்குள் ஒளிந்திருந்தால் ஆட்டோவில் இருக்கும் அந்த ரசிகர் அடுத்த சபாவுக்குப் போய்விடுவார். மேலே சொன்ன நான்கு விதமான ஆட்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, "இவர்களில் எங்களுக்கு முக்கியமானவர் இவர், அடுத்து இவர்" என்று சொல்லுங்கள். அந்தத் தாள் என் வேலையில் பாதியை முடித்துவிடும். அதைப் பார்த்துத்தான் டிக்கெட் விற்பனை இந்த வருடமே வேண்டுமா, அல்லது நிகழ்ச்சி நிரல் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதுமா என்று பேச முடியும்.

இன்னொன்று, நவம்பர் கடைசியில் வராதீர்கள். டிசம்பர் முதல் வாரத்தில் தளம் வெளிவர வேண்டுமென்றால் ஆடி மாதத்தில் பேசத் தொடங்குவதே நியாயமான அவகாசம். தியாகராய நகர்க் கடைக்காரர்களுக்கும் இதே கணக்குதான். தீபாவளிக்கு வேண்டுமென்றால் சித்திரையில் வாருங்கள். பண்டிகை நெருங்கிய பிறகு கடையில் உங்களுக்கே பேச நேரம் இருக்காது. நான் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் வராமலே நாட்கள் ஓடும்.

ஜவுளிக்கடை என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இணையத்தில் விற்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது படத்தைப் பற்றி. பட்டுப் புடவையின் நிறம் கடை விளக்கில் ஒன்று, வெயிலில் ஒன்று, திரையில் வேறொன்று. மயில்கழுத்து நிறம் கேமராவில் வெறும் நீலமாகப் போய்விடும். இருநூறு புடவைகளை ஒரே வெளிச்சத்தில், முந்தானை, உடல், கரை என்று தனித்தனியே யார் எடுப்பார்கள்? அந்தப் புடவை கடையில் விற்றுப்போனால் தளத்திலிருந்து அன்றே யார் எடுப்பார்கள்? நிறம் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்பினால் பணம் உண்டா? பேமென்ட் கேட்வே வேண்டுமென்றால் அந்த நிறுவனங்கள் பான் எண், வங்கிக் கணக்கு, தொழில் ஆவணங்கள் எல்லாம் கேட்கும். தளத்தில் பணம் திருப்பித் தரும் விதிமுறையும் தொடர்பு முகவரியும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அனுமதி தரும். இந்த விதிமுறைகளை வடிவமைப்பாளர் எழுத முடியாது. கடையின் வழக்கம் என்ன என்று முதலாளிதான் சொல்ல வேண்டும்.

இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் இப்போதைக்குத் தளம் வேண்டாம் என்றே சொல்வேன். கூகுளில் கடையின் முகவரி, நேரம், படங்கள் சரியாக இருந்து, வாட்ஸ்அப் பிசினஸில் ஐம்பது புடவைகளின் பட்டியல் இருந்தாலே சிறிய கடைக்கு ஒரு வருடம் ஓட்டலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை. அந்த ஒரு வருடத்தில் எந்தப் புடவையைக் கேட்கிறார்கள், எந்த ஊரிலிருந்து கேட்கிறார்கள், என்ன சந்தேகம் வருகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அந்த அனுபவத்தோடு வருகிறவருக்குச் செய்யும் வேலை சுத்தமாக இருக்கும். வேலை வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லாமல் மறைக்கும் வடிவமைப்பாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இப்போது உள்ளடக்கத்துக்கு வருகிறேன். தொழிலில் எல்லோரும் கன்டென்ட் என்று சொல்வது இதைத்தான். நம் ஊரில் இணையதள வேலை பாதியில் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான். "டிசைன் பண்ணிடுங்க, கன்டென்ட் அப்புறம் தர்றேன்" என்பார்கள். எழுத்து இல்லாமல் வடிவமைப்பது எனக்குச் சாத்தியமில்லை. மூன்று வரி அறிமுகத்துக்கு ஒதுக்கிய இடத்தில் பிறகு முப்பது வரி வந்தால், முழுப் பக்கத்தையும் பிரித்து மறுபடி செய்ய வேண்டும்.

தமிழில் இது இன்னும் பெரிய விஷயம். பதிப்பாளர்கள் கவனிக்க வேண்டும். அல்லயன்ஸ் கம்பெனி 1901-இல் தொடங்கிய பேட்டை இது. அச்சுக்கோத்த காலம் தொட்டு டி.டி.பி. வரை எல்லாவற்றையும் பார்த்த ஊர். உங்கள் அலுவலகக் கணினிகளில் இருபது, இருபத்தைந்து வருடத்துப் பேஜ்மேக்கர் கோப்புகள் இருக்கும். அவற்றில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ் இருக்கும். அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழாகத் தெரியும். வேறு எங்கே திறந்தாலும் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்து குப்பையாகத் தெரியும். ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு இடம் ஒதுக்கியதால் ஏற்பட்ட இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் அங்கிருந்து வந்தவை. பிறகு ஒருங்குறி (யூனிகோட்) பரவியது. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இன்று இணையத்தில் ஒருங்குறி அல்லாத தமிழுக்கு இடமே இல்லை.

ஆகவே பழைய கோப்பை அனுப்பி "அப்படியே போட்டுடுங்க" என்றால் அது நடக்காது. மாற்ற வேண்டும். மாற்றுவதற்குக் கருவிகள் இருக்கின்றன. நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டரைப் பலரும் பயன்படுத்தியிருப்பீர்கள். ஆனால் கருவி மாற்றிய பின்பும் ஒரு கண் பார்த்தே ஆக வேண்டும். ரகரமும் துணைக்காலும் இடம் மாறியிருக்கும். "கௌரி" என்பது ககர எகரத்துக்குப் பக்கத்தில் ளகரத்தை வைத்துக் "கெளரி" என்று அடிக்கப்பட்டிருக்கும். அச்சில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இணையத்தில் "கௌரி கல்யாணம்" என்று சரியாக அடித்துத் தேடும் வாசகருக்கு உங்கள் புத்தகம் கிடைக்காமலே போகலாம். இந்த மெய்ப்புப் பார்க்கும் வேலை யாருடையது என்று முதல் சந்திப்பிலேயே பேசிவிட வேண்டும். வடிவமைப்பாளர் செய்ய வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம். பதிப்பகத்தில் செய்வதாக இருந்தால் அதற்கு ஆளும் தேதியும் சொல்லுங்கள்.

தமிழ்த் தளம் பற்றி இன்னும் ஒன்றிரண்டு சொல்ல ஆசை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடியும் பொத்தான் தமிழில் இரண்டு வரிக்குப் போகும். மேலே விலங்கும் கீழே வாலும் உள்ள நம் எழுத்துகளுக்கு வரிகளுக்கிடையே அதிக இடம் வேண்டும். முதலில் ஆங்கிலத்தில் முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் "தமிழும் சேர்த்துடுங்க" என்றால் தமிழ் நெருக்கியடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும். நம் ஊரில் பல தளங்களில் தமிழ் அப்படி நிற்பதைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. எழுத்துருவுக்கும் இன்று பஞ்சமில்லை. முக்தா மலர், காட்டமரன், நோட்டோ தமிழ் என்று திறந்த உரிமத்தில் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள் பல இருக்கின்றன. ஒரு பைசா தர வேண்டாம். இயந்திர மொழிபெயர்ப்பை மட்டும் அப்படியே போட்டுவிடாதீர்கள். உங்கள் வாசகரை, நோயாளியை, வாடிக்கையாளரை மதித்து ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும்.

சரி, இவ்வளவும் தயார். யாரை அணுகுவது, எப்படி அணுகுவது? அவர் முன்பு செய்த தளங்களைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். பெரிய திரையில் அழகாக இருப்பது உங்களுக்கு உதவாது, வருகிறவர்களில் பலர் கைப்பேசியில்தான் வருவார்கள். அந்தத் தளங்களில் ஒன்றின் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, சொன்ன தேதிக்கு முடித்தாரா, முடித்த பிறகு போன் எடுக்கிறாரா என்று கேளுங்கள். அப்படி விசாரிப்பதை எந்த நல்ல வடிவமைப்பாளரும் தவறாக நினைக்க மாட்டார்.

"மூணு சாம்பிள் பண்ணிக் காட்டுங்க, பிடிச்சா தர்றோம்" என்று மட்டும் கேட்காதீர்கள். 2010 ஜூலை 15 அன்று நம் ரூபாய்க்குப் போட்டி வைத்துச் சின்னம் தேர்வானதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வரைந்தவர் நம் கள்ளக்குறிச்சிக்காரர் உதயகுமார். இங்கே அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து, மும்பை ஐ.ஐ.டி.யில் ஆய்வு செய்தவர், தமிழ் எழுத்துருவைப் பற்றியே ஆராய்ந்தவர். அவருக்குப் பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். அந்தப் போட்டிக்கு வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்களில் பெரும்பாலானவை கூலியில்லாத உழைப்பு. ஒரு தேசம் தன் நாணயத்துக்கு அப்படிச் செய்ததைப் பற்றியே அப்போது எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. ஒரு கடைக்கு அப்படிக் கேட்பது நியாயமில்லை. அதைவிட முக்கியம், உங்களுக்கும் அதனால் பயனில்லை. உங்கள் கடையைப் பற்றி எதுவும் தெரியாமல் ஒருவர் இரவில் செய்து காட்டும் சாம்பிள், வேறு யாருக்கோ செய்ததன் நிறம் மாற்றிய நகலாகவே இருக்கும். ஒருவரின் சிந்தனை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், கட்டணம் கொடுத்து ஒரு பக்கத்தை மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

முதல் தொடர்பு மின்னஞ்சலாக இருக்கட்டும். இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் நான்கு நிமிடக் குரல் பதிவை மறுநாள் தேடி எடுக்க முடியாது. எனக்கு வந்தால் மகிழ்ச்சி தரும் ஒரு கடிதம் எப்படி இருக்கும் என்று வாசிக்கிறேன். நானே கற்பனையாக எழுதியது:

"வணக்கம். கஸ்தூரிபா நகரில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள், முட்டிவலிக்காரர்கள். தளத்தைப் பார்ப்பது அவர்களோ வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோதான். அவர்களுக்குத் தெரிய வேண்டியவை நேரம், கட்டணம், லிஃப்ட் உண்டா, வீட்டுக்கு வருவோமா என்பவை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வேண்டும். எழுத்து என் மனைவி தயார் செய்கிறார், மாத இறுதியில் தருவோம். படங்கள் இல்லை, எடுக்க வேண்டும். முடிவெடுப்பது நான் மட்டுமே. இந்த வருடம் இதற்கு ஒதுக்கியிருப்பது இவ்வளவு. தை மாதத்துக்குள் வேண்டும். உங்களால் முடியுமா?"

ஒரு பக்கம்கூட இல்லை. ஆனால் இந்தக் கடிதத்துக்கு இரண்டு நாளில் சரியான கொட்டேஷன் கொடுத்துவிடலாம். இதில் லிஃப்ட் பற்றிய வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். முட்டிவலிக்காரர் எதைக் கண்டு பயப்படுகிறார் என்று அந்த டாக்டருக்குத் தெரியும். அது எனக்கு ஒருபோதும் தோன்றியிருக்காது.

கடிதத்தில் தொகையும் இருக்கிறது, கவனித்தீர்களா? இதில்தான் பலருக்குத் தயக்கம். பாண்டி பஜார் நடைபாதையில் பேரம் பேசிப் பழகிய நமக்கு, கையில் இருப்பதை முதலில் சொன்னால் ஏமாந்துவிடுவோம் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் இங்கே விற்பது செய்து வைத்த பொருள் இல்லை. தொகை தெரிந்தால் அதற்குள் எது அடங்கும் என்று சொல்ல முடியும். இந்த வருடம் ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் ஐந்து பக்கம், அடுத்த வருடம் ஆன்லைன் முன்பதிவு என்று பிரித்துக்கொள்ளலாம். பணம் குறைவென்றால் வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அதே வேலையைப் பாதி விலைக்குக் கேட்டால், வெளியே தெரியாத ஏதோ ஒன்று குறையும். பெரும்பாலும் அது பாதுகாப்பு, அல்லது கைப்பேசியில் சோதித்துப் பார்க்கும் வேலை.

"அண்ணன் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், ஐயாயிரத்துக்குப் பண்ணித் தர்றேன்னு சொல்றான்" என்று சொல்பவர்கள் உண்டு. தாராளமாக அவனிடமே கொடுங்கள். நானும் என் சித்தப்பாவின் கடைக்குச் செய்து கொடுத்துத்தான் இந்தத் தொழிலைக் கற்றேன். ஆனால் அவனிடமும் இதே தாளைக் கொடுங்கள், நான் பின்னால் சொல்லப்போகும் ஒப்பந்தத்தையே எழுதுங்கள். வேலை கிடைத்து அவன் பெங்களூருக்குப் போனபின் தளத்தை யார் பார்ப்பது என்பதையும் அதில் எழுதுங்கள்.

முடிவெடுப்பவர் யார் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். குடும்பக் கடையில் அப்பா இருக்கிறார், இரண்டு மகன்கள், ஆடிட்டர். எல்லாம் முடிந்த அன்று டல்லாஸில் இருக்கும் மாப்பிள்ளை வீடியோ காலில் பார்த்துவிட்டு மெரூன் வேண்டாம் என்கிறார். சபாவில் செயற்குழு முழுவதும் கருத்துச் சொல்கிறது. எல்லோரும் சொல்லட்டும், உங்களுக்குள் பேசுங்கள், சண்டையும் போடுங்கள். என்னிடம் வருவது ஒருவர் மூலமாக, எழுத்தில், ஒரே தடவையில் வரட்டும். கருத்துச் சொல்லும்போது பிரச்சினையைச் சொல்லுங்கள், தீர்வை என்னிடம் விடுங்கள். "அந்த நீலத்தை மாத்துங்க" என்றால் வேறு நீலம் வைப்பேன். "எங்க அம்மாவால இதைப் படிக்க முடியல" என்றால் எழுத்தளவு, நிறவேறுபாடு, பின்னணி எல்லாவற்றையும் திருத்துவேன். பார்வைக் குறையுள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பது கருணை சார்ந்த விஷயம் மட்டும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. டாக்டர்களும் அறக்கட்டளைகளும் இதை முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டும்.

இனி காகிதம். இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பணத்தைவிடப் பெரிய இழப்பு இங்கேதான் நேர்கிறது.

அடையாறில் ஒரு நடனப் பள்ளி. பல வருடம் நடந்த தளம். தளத்தை முதலில் செய்து கொடுத்தவர் டொமைன் பெயரை, அதாவது தளத்தின் முகவரியை, தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வசதிக்காகச் செய்தது. அவர் வெளிநாடு போனார், மின்னஞ்சலை மாற்றினார், ரெனியூவல் நினைவூட்டல் யாருக்கும் வரவில்லை. பெயர் காலாவதியானது. டாட் காம் பெயர்களுக்குச் சில வாரம் சலுகைக் காலமும் அதன்பின் 30 நாள் மீட்புக் காலமும் உண்டு. மீட்க வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதுவும் தாண்டிவிட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அந்த ஆசிரியையின் விசிட்டிங் கார்டு, அரங்கேற்ற அழைப்பிதழ்கள், பழைய மாணவிகளின் குறிப்பேடுகள் எல்லாவற்றிலும் அந்த முகவரிதான் இருக்கிறது.

டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் அளவுதான். டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. தமிழிலேயே .இந்தியா என்று முடியும் முகவரியும் வாங்கலாம். தளம் குடியிருக்கும் ஹோஸ்டிங் கணக்கும் உங்களுடையதாக இருக்கட்டும். வடிவமைப்பாளருக்கு வேலை செய்யத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

அடுத்து உரிமை. காசு கொடுத்துவிட்டோம், எல்லாம் நம்முடையது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவர் உருவாக்கியது உங்களுடையது. வெளியிலிருந்து செய்து கொடுக்கும் ஃப்ரீலான்சர் உருவாக்கிய வடிவமும் நிரலும், வேறுவிதமாக எழுதிக் கையெழுத்திடாதவரை, அவருடையவை. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படங்களுக்கோ சட்டம் தலைகீழ். மாற்று ஏற்பாடு இல்லாவிட்டால் அவை எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம். ஆகவே, "முழுத் தொகை பெற்றவுடன் உரிமையை மாற்றித் தருகிறேன்" என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். காலமும் எல்லையும் எழுத வேண்டும். காலம் எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளும். அமெரிக்காவுக்குப் புடவை அனுப்பும் கடைக்கு இது சின்ன விஷயம் இல்லை. கூகுளில் தேடி எடுத்த படங்களை எங்களிடம் கொடுக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவற்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார்.

பணம் கொடுக்கும் முறை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அட்வான்ஸ் ஒரு பகுதி, வடிவம் ஒப்புக்கொண்டதும் ஒரு பகுதி, தளம் வெளிவரும்போது மீதி. இப்படிப் பிரித்து எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. டிடிஎஸ் பிடித்தம் செய்ய வேண்டிய நிறுவனமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆண்டில் 20 லட்சத்துக்கு மேல் வரவு உள்ள வடிவமைப்பாளர் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ப்பார் என்பதையும் கணக்கில் வையுங்கள். உத்யம் பதிவு உள்ள ஃப்ரீலான்சர் சட்டப்படி ஒரு குறுந்தொழில் நிறுவனம். அத்தகைய நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டின் சட்டம், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தருவது 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் தர வேண்டும் என்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் இந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள், அடுத்த வேலை போய்விடுமே என்ற பயம். அந்தப் பயத்தை நம்பிப் பேலன்ஸை இழுத்தடிக்கும் வழக்கம் நம் ஊரில் ரொம்ப நாளாக இருக்கிறது. தனி ஆளாக வேலை செய்பவருக்கு அந்தப் பேலன்ஸ்தான் பல மாதங்களில் வீட்டு வாடகை.

கடைசியாக, தளம் வெளிவந்த மறுநாளைப் பற்றியும் முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். கட்டணம் மாறும், கச்சேரி ரத்தாகும், புதுப் புத்தகம் வரும். இவற்றை மாற்றப்போவது உங்களிடம் வேலை செய்யும் ஒருவர் என்றால், அவர் பெயரைச் சொல்லுங்கள். அவருக்கு ஒரு மதியம் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பதையும், தமிழில் ஒரு குறிப்பு எழுதித் தருவதையும் என் வேலையில் சேர்த்துவிடுவேன். ஆள் இல்லை, நானே பார்க்க வேண்டும் என்றால் அது வருடப் பராமரிப்பு. அதற்கு என்ன கட்டணம், மாதத்துக்கு எத்தனை மாற்றம், எத்தனை நாளில் செய்து தருவேன், நான் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டால் யார் பார்ப்பார் என்பதையெல்லாம் என்னிடம் கேளுங்கள். எந்த வடிவமைப்பாளரிடம் போனாலும் கேளுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும்.

சிலர் கையில் தங்கள் தளத்தின் அச்சுப் பிரதியைக் கொண்டு வந்திருப்பதைப் பார்க்கிறேன். முன்வரிசையிலிருந்து தொடங்கலாம், கேளுங்கள்.